முதல் வரிசை நாற்காலி

கொண்டையில் பூச்சூடி, பர்மிய உடையில், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் ஆங் சான் சூச்சி. வயது 74. நெதர்லாந்தின் ஹேக் நகரம், அமைதி மாளிகையின் பெரிய நீதி மண்டபம், 2019 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. எதிரே நீண்ட மேடையில் கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைத் துணியுமாக, சர்வதேச நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகள். ரோஹிங்கியா மக்களை இனப்படுகொலை செய்ததாக மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கில், இடைக்கால உத்தரவு கேட்கும் விசாரணை இன்று ஆரம்பம்.

டிசம்பர் 10 ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு வழங்கும் நாள். 1991இல் இதே தேதியில், வீட்டுக்காவலில் இருந்த சூச்சிக்காக அவருடைய மகன்கள் மேடையேறிப் பரிசை வாங்கினார்கள். இருபத்தெட்டு வருஷம் கழித்து அம்மா ஹேக்கில் உட்கார்ந்திருக்க, ஆஸ்லோவில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தவர் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது. அடுத்த வருஷமே அவர் நாட்டில் டிக்ரே போர் வெடித்தது. நோபல் குழுவுக்கு ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை.

விசாரணையின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. மூன்று நாள் வாதங்களையும் சொல்லுக்குச் சொல் எழுத்தில் நீதிமன்றமே வெளியிட்டிருக்கிறது. அதனால் முதலில் வாதங்களைப் படித்துவிட்டு, பிறகு ஒலியை அணைத்துப் பார்த்தேன். பேசுகிறவர் என்ன பேசுகிறார் என்பது தெரிந்த பிறகு, கேட்கிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

மண்டபம் அழகானது. ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் கட்டி 1913இல் திறந்த மாளிகைக்கு ஒவ்வொரு நாடும் சீர்வரிசை அனுப்புவதுபோல ஏதோ ஒன்றை அனுப்பியிருக்கிறது. இந்த மண்டபத்தின் வண்ணக் கண்ணாடி சன்னல்கள் அன்றைக்குப் பர்மாவையும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டன் கொடுத்தவை. அமைதியை நோக்கி மனித குலம் நடந்துவந்த பாதையை அவற்றில் தீட்டியிருக்கிறார்கள். திறந்த மறு வருஷம் முதல் உலகப்போர்.

வாதம் தொடங்கும்முன் ஒரு சடங்கு. வழக்காடும் நாட்டைச் சேர்ந்த நீதிபதி மேடையில் இல்லையென்றால், அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை அந்த நாடு நியமித்துக்கொள்ளலாம். மியான்மர் தேர்ந்தெடுத்தவர் ஜெர்மானியப் பேராசிரியர் கிளாஸ் கிரெஸ். காம்பியா தேர்ந்தெடுத்தவர் நவநீதம் பிள்ளை. பாரபட்சமின்றி, மனசாட்சிப்படி கடமையாற்றுவதாக இருவரும் உறுதிமொழி எடுக்கிறார்கள். டர்பன் நகரத்தில் ஒரு பஸ் டிரைவரின் மகளாக 1941இல் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் பிள்ளை. ருவாண்டா தீர்ப்பாயத்தில் அகாயேசு என்பவர் மீதான வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவர்தான் பெண். அந்த வழக்கின் குற்றப்பத்திரிகையில் முதலில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல, நீதிபதிகள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்டார்கள். பிறகு குற்றப்பத்திரிகையே திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2ஆம் தேதித் தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதல்முறையாகச் சொன்னது. ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்ததும் அன்றுதான் முதல்முறை. ஈழத்தமிழர்களுக்குப் பிள்ளையை வேறு விதத்தில் தெரியும்: இலங்கைப் போர் பற்றிய ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணையை 2014இல் தொடங்கிவைத்த ஆணையர். அந்த விசாரணையின் அறிக்கை மறு வருஷம் வந்தது. இதுபோன்ற மண்டபம் ஒன்றுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது அவர் உட்கார்ந்துவிட்டார். காம்பியாவின் நீதி அமைச்சர் அபுபக்கர் தம்படு எழுந்திருக்கிறார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையாக நீளும் குட்டி நாட்டுக்கு வங்காள விரிகுடாவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. தம்படு ருவாண்டா தீர்ப்பாயத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். 2018இல் டாக்காவில் நடந்த இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டத்துக்கு வெளியுறவு அமைச்சரால் போக முடியாமல் போய், பதிலாக இவர் போனார். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் இருக்கும் ரோஹிங்கியா அகதி முகாம்களுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கேட்ட கதைகள் ருவாண்டாவில் கேட்ட கதைகளாகவே இருந்தன என்று பிறகு சொல்லியிருக்கிறார். பயணத் திட்டம் ஒன்று மாறியிராவிட்டால் இந்த வழக்கே இல்லை. பெரிய நாடுகள் கண்டன அறிக்கை எழுதிக்கொண்டிருந்த வேளையில் 2019 நவம்பர் 11 அன்று மனு தாக்கலானது. இரண்டு நாள் கழித்து அர்ஜென்டினாவில் ரோஹிங்கியா அமைப்பொன்று புகார் கொடுத்தது. அதற்கு மறுநாள், இதே ஹேக்கின் மணல்மேட்டுப் பக்கம் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் விசாரணைக்கு அனுமதி தந்தது. வருஷக்கணக்கில் பூட்டியிருந்த கதவுகளில் மூன்று ஒரே வாரத்தில் திறந்தன.

காம்பியாவின் வழக்கறிஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்கள். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் நடந்தவை. மின் ஜீ என்ற ஊர், ரோஹிங்கியாக்கள் அதைத் தூலா தோலி என்பார்கள். ஆகஸ்ட் 30 அன்று ஆற்று வளைவில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மணலில் மாட்டிக்கொண்டவர்கள். ஆண்களைச் சுட்டது. பெண்களைக் குழு குழுவாக வீடுகளுக்குள் இழுத்துப்போனது. பிறகு அந்த வீடுகளைக் கொளுத்தியது. ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவின் அறிக்கையிலிருந்துதான் வாசிக்கிறார்கள். அந்த மூவர் குழுவில் இலங்கையின் ராதிகா குமாரசுவாமியும் ஒருவர். பத்தாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்பதைக் குறைந்தபட்ச மதிப்பீடு என்றே குழு எழுதியது. எல்லை தாண்டி ஓடியவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல்.

கேமரா அடிக்கடி முதல் வரிசைக்குத் திரும்புகிறது. கேமராவைக் கையாளுகிறவருக்கும் தெரிந்திருக்கிறது, உலகம் எதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறது என்று. சூச்சியின் முகம் இறுகவும் இல்லை, இளகவும் இல்லை. பதினைந்து வருஷ வீட்டுக்காவல் பழக்கிய முகம் என்று எழுதக் கை வருகிறது. அது என் கற்பனை. திரையில் இருப்பது, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். பார்வையாளர் பகுதியில் முகாம்களிலிருந்து வந்த ரோஹிங்கியாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் கேமரா அதிகம் போகவில்லை.

அவர் வந்திருக்கவே வேண்டியதில்லை. இந்த மாதிரி வழக்குகளுக்கு ஒரு சட்ட அமைச்சரோ தூதரோ வந்து நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்துவிட்டுப் போவார். அரசுக்குத் தலைமை தாங்கிய இவர் தானே வருவதாக அறிவித்தார். யாங்கோனில் அவருக்காக ஊர்வலங்கள் போயின. மறு வருஷம் தேர்தல். ராணுவம் எழுதிக்கொண்ட 2008 அரசியல் சாசனப்படி பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் எல்லாம் தளபதியின் கையில். நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் சீருடைக்காரர்களுக்கு. ராக்கைனில் சுட்டவர்கள் யாரும் இவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. சுடச்சொன்ன மூத்த தளபதி மின் ஆங் லாய்ங் இந்த மண்டபத்துக்குள் கால் வைக்கப்போவதும் இல்லை. இங்கே வழக்கு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில்தான். குற்றவாளிக் கூண்டு கிடையாது. இருப்பது நாற்காலி. அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் பிரதிவாதி மியான்மர்தான்.

இந்த வழக்கின் சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. 1948இன் இனப்படுகொலை உடன்படிக்கை, கொன்றாயா என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. ஒரு கூட்டத்தை, அது அந்தக் கூட்டம் என்பதற்காகவே, முழுசாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்றும் கேட்கிறது. நோக்கம் மனசுக்குள் இருப்பது. நாட்டுக்கு ஏது மனசு? எனவே நடந்தவற்றின் போக்கிலிருந்து அதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கு நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடுமையானது: நடந்தவற்றிலிருந்து நியாயமாக வேறு எந்த முடிவுக்கும் வர வழியிருக்கக் கூடாது. 2007இல் போஸ்னியா வழக்கில் ஸ்ரேப்ரெனிட்சா ஒன்று மட்டும் இனப்படுகொலை என்றானது. அதையும் செர்பியா செய்ததாகச் சொல்லவில்லை, தடுக்கத் தவறியது என்றார்கள். 2015இல் குரோஷியாவும் செர்பியாவும் ஒன்றன்மேல் ஒன்று போட்ட வழக்குகள் இரண்டுமே தள்ளுபடி. கிளர்ச்சியை அடக்கினோம், ஊரைவிட்டு விரட்டத்தான் பார்த்தோம் என்று இன்னொரு விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டால், குறைந்த குற்றமே பெரிய குற்றத்துக்குக் கவசமாகிவிடுகிறது. இந்த அளவுகோலை எழுதியவர்கள் இனப்படுகொலை என்ற குற்றச்சாட்டு மலிந்துவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறார்கள். பயம் நியாயம்தான். பிணங்களின் பக்கத்தில் நின்று படித்தால் அப்படித் தோன்றாது.

டிசம்பர் 11. இன்று சூச்சி பேசுகிறார், அரை மணி நேரம். ஒலியைத் திறந்து கேட்டேன். தெளிவான ஆங்கிலம், ஏற்ற இறக்கம் குறைவு. காம்பியா காட்டும் சித்திரம் அரைகுறையானது, திசைதிருப்புவது என்கிறார். போலீஸ் சாவடிகளை ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக்குழு தாக்கியதிலிருந்து ஆரம்பிக்கிறார். பால்கன் வழக்குகளைத் தொட்டு, மக்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டதெல்லாம் இனப்படுகொலை ஆகவில்லையே என்கிறார். சில இடங்களில் அளவுக்கு மீறிய பலம் பிரயோகிக்கப்பட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, தவறு செய்த சிப்பாய்களைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் நாட்டுக்கு அழிக்கும் நோக்கம் எப்படி இருக்க முடியும் என்று கேட்கிறார். முந்தைய பத்தியில் சொன்ன இன்னொரு விளக்கம் இதுதான். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

தண்டித்ததற்கு உதாரணமாகச் சொல்வது இன் டின். அந்த ஊரின் புகைப்படம் ஒன்று உலகமெங்கும் பரவியது. பத்து ஆண்கள் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள், கைகள் பின்னால். சிலர் கேமராவைப் பார்க்கிறார்கள். பின்னால் துப்பாக்கிகளோடு ஆட்கள். 2017 செப்டம்பர் 2 அன்று அவர்களைக் கொன்று ஒரே குழியில் போட்டார்கள். இதைத் தோண்டி எடுத்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோனும் கியாவ் சோ ஊவும், செய்தி வெளியாகும் முன்பே, டிசம்பர் 12இல் கைதானார்கள். கொலை செய்த ஏழு சிப்பாய்களுக்குப் பத்து வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பானது, ஒரு வருஷம் முடியுமுன்பே மன்னிப்புப் பெற்று வெளியே வந்துவிட்டார்கள். செய்தி எழுதிய இருவரும் ஐந்நூறு நாளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள். சிப்பாய்களுக்குக் கிடைத்த அந்த மன்னிப்பு தங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை என்று சூச்சி மண்டபத்தில் சொல்கிறார். நிருபர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அரசு இருக்கும்போதுதான் அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

அவருக்குப் பின்னால் மியான்மருக்காக எழுந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஷபாஸ். இனப்படுகொலைச் சட்டத்துக்கு அடிப்படை நூல் எழுதியவர். ரோஹிங்கியாக்களுக்கு நடப்பது மானுடத்துக்கு எதிரான குற்றமாகலாம் என்று 2010இல் ஆய்வறிக்கை வெளியிட்ட அயர்லாந்து மனித உரிமை மையத்துக்கு அப்போது அவர்தான் இயக்குநர். வழக்கறிஞர் எந்தக் கட்சிக்காரருக்கும் வாதாடலாம், அது தொழில் தர்மம். ஆனாலும் காணொளியில் அந்த இடம் வந்ததும் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. காகிதத்தைப் புரட்டி, கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்துப் பேசும் ஒரு பேராசிரியர்.

மூன்றாம் நாள் டிசம்பர் 12. நிருபர்கள் கைதாகி அன்றோடு சரியாக இரண்டு வருஷம். பதில் வாதத்தில் காம்பியாவின் பால் ரைக்லர் இரண்டு விஷயங்களை எடுத்துவைக்கிறார். நேற்றுப் பேசிய மியான்மர் பிரதிநிதி, ஆயுதக்குழுவின் பெயரில் வந்த இடம் தவிர, ரோஹிங்கியா என்ற பெயரை உச்சரிக்கவே இல்லை. தளபதி உட்பட ஆறு உயர் அதிகாரிகளை இனப்படுகொலைக்காக விசாரிக்கச் சொல்லி ஐ.நா. குழு பெயரிட்டிருக்கும்போது, அதே ராணுவம் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் என்று எப்படி நம்புவது? மேடையில் யாரோ குறிப்பெடுக்கிறார்கள்.

காக்ஸ் பஜாரின் குட்டுப்பாலாங் முகாமின் மேட்டில் ஜனங்கள் கூடி ‘காம்பியா, காம்பியா’ என்று கோஷம் போட்டார்கள். ஆனால் முகாம்களில் 3ஜி, 4ஜி சேவையை வங்கதேச அரசு செப்டம்பரிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தது. எனக்கு எந்நேரமும் தடங்கலில்லாமல் ஓடுகிற நேரலை, வழக்கே யாருக்காகவோ அவர்களுக்குச் சரியாக ஓடவில்லை. இந்த மண்டபத்துக்கு அதில் பங்கில்லை என்றாலும் குறித்து வைக்க வேண்டியது.

2020 ஜனவரி 23. பதினேழு நீதிபதிகளும் ஒருமனதாக இடைக்கால உத்தரவு. கொல்லாதே, ராணுவம் கொல்லாமல் பார்த்துக்கொள், ஆதாரத்தை அழிக்காதே, நான்கு மாதத்தில் ஓர் அறிக்கையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்றும் கொடு. மியான்மர் நியமித்த கிரெஸும் சேர்ந்தே ஓட்டுப் போட்டிருக்கிறார். அறிக்கைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை நீதிமன்றம் வெளியிடுவதில்லை. உத்தரவை மீறினால் ஓடிவர இந்த நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது, பாதுகாப்பு சபையிடம்தான் போக வேண்டும், அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் வீட்டோ.

2021 பிப்ரவரி 1 அதிகாலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹேக்கில் யாருக்காகப் பேசினாரோ அவர்களே சூச்சியைக் கைது செய்தார்கள். அடுக்கடுக்காக வழக்குகள், மொத்தம் 33 வருஷச் சிறை, பின்னர் 27ஆகக் குறைத்தார்கள். அவருக்கு நீதிமன்றம் மூடிய அறையில். மொழிபெயர்ப்பு இல்லை, நேரலை இல்லை, மேடையில் பதினேழு பேர் இல்லை. கவித்துவ நீதி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் நீதி எதுவும் தெரியவில்லை. ரோஹிங்கியாக்களுக்கு அதனால் ஒரு குடிசைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை.

2022 பிப்ரவரி 21. அதே மண்டபம். கொரோனா காலம், பாதிப் பேர் திரையில். முதல் வரிசையில் ராணுவ அரசின் அமைச்சர் கோ கோ லாய்ங். காம்பியா வெறும் கூலியாள், உண்மையான வாதி இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்புதான், பாதிக்கப்படாத நாடு எப்படி வழக்குப் போடலாம் என்பது அவர்கள் ஆட்சேபணை. சூச்சியின் கட்சிக்காரர்கள் முன்னின்று அமைத்த போட்டி அரசோ, ஆட்சேபணைகளைக் கைவிடுகிறோம், வழக்கை நடத்துங்கள் என்று எழுதியிருந்தது. நாற்காலியை யாருக்குக் கொடுப்பது? நாட்டை யார் ஆள்கிறார்கள் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவில்லை. வந்தவரை உட்காரவைத்தது. துப்பாக்கி வைத்திருப்பவர் நாட்டின் சார்பில் பேசுவது சர்வதேசச் சட்டத்துக்குப் புதிதல்ல.

ஆட்சேபணைகள் ஜூலை 22 அன்று தள்ளுபடியாயின. காம்பியாவுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்பதற்குப் பதினைந்து ஓட்டு, எதிர்த்தது சீன நீதிபதி ஷுவே ஹான்சின் ஒருவர். கிரெஸ் இம்முறையும் மியான்மருக்கு எதிராகத்தான். இனப்படுகொலை எங்கே நடந்தாலும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட எந்த நாடும் கேட்கலாம் என்றாகிவிட்டது. காம்பியா திறந்த அந்த வழியில்தான் 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது மனு கொண்டுவந்தது. அதற்குச் சில வாரம் முன்னர் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகள் ரோஹிங்கியா வழக்கில் தலையிட்டு, நோக்கத்தை அளக்கும் கோல் இவ்வளவு இறுக்கமாக இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தன. அடுத்த ஜனவரியில் அதே ஜெர்மனி, காசா வழக்கில் இஸ்ரேல் பக்கம் நிற்கப் போவதாக அறிவித்தது. எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். யாரும் எடுத்து வாசிக்கலாம்.

தனி ஆட்களைத் தேடும் கதவுகளிலும் அசைவு இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் மியான்மர் உறுப்பினர் இல்லை, ஆனால் அகதிகள் வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர். எல்லை தாண்டி விரட்டிய குற்றத்தின் பாதி அங்கே நடந்தது என்று சுற்றிவளைத்துப் பிடித்த அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர், 2024 நவம்பரில் மின் ஆங் லாய்ங்குக்குப் பிடியாணை கேட்டார். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அந்த வழக்குத்தொடுநர் மீதே பொருளாதாரத் தடை போட்டது, மியான்மருக்காக அல்ல, இஸ்ரேல் பிரதமருக்குப் பிடியாணை வாங்கியதற்காக. அதே மாதம், அர்ஜென்டினாவில் கொடுத்த புகாரின்பேரில், புவனஸ் அயர்ஸ் நீதிமன்றம் பிடியாணைகள் பிறப்பித்தது. பட்டியலில் தளபதி இருக்கிறார். அவர் சிறையில் அடைத்த சூச்சியும் இருக்கிறார்.

முழு விசாரணை 2026 ஜனவரி 12இல் ஆரம்பித்தது. மனு கொடுத்து ஆறு வருஷம் கழிந்திருந்தது. தம்படு இல்லை, வேறு நீதி அமைச்சர் காம்பியாவுக்காகப் பேசினார். வாதங்கள் வழக்கம்போல நேரலை. சாட்சிகளை விசாரிக்கும் அமர்வுகளுக்கு மட்டும் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் அனுமதி இல்லை. அந்த நாட்களின் காணொளியைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் ராக்கைனில் இருக்கும்போது முகம் காட்டிச் சாட்சி சொல்லச் சொல்வது கொடுமை. உள்ளே அவர்கள் பேச, முதல் வரிசையிலிருந்து மியான்மரின் ஆட்கள் கேட்டிருப்பார்கள், கேட்டுவிட்டுக் குறுக்கு விசாரணைக்கு எழுந்திருப்பார்கள்.